ஏழா, எட்டா, ஒன்பதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தண்டையார்பேட்டையில் நம் வாசிப்பு வட்டம் கூடும் மாடி அறையில், வகுப்பு தொடங்கும் முன் ஒரு தங்கை வயலினை எடுத்து வாசித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீடு திரும்புகிற களைப்பைப் போன்ற மெதுவான ஒரு மெட்டு. முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி மட்டும் தட்டவில்லை.

“நல்லாத்தான் கீது. ஆனா இது வெள்ளக்காரன் மியூஸிக்தானே? நமக்குப் பறை கீது, கானா கீது. அத்த வுட்டுட்டு இது எதுக்கு?” என்றான்.

அவள் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுச் சொன்னாள்: “கத்துக்கப் போற எடத்துல, ‘உனக்கெல்லாம் எதுக்கு வயலின்’னு கேக்கறாங்க. இங்க வந்தா நீங்களும் அதையேதான் கேக்கறீங்க.”

அறையில் யாரும் பேசவில்லை. அன்று அரசியல் சட்ட வகுப்பு இருந்ததால், “இதைப் பற்றி எழுதுகிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். தம்பியின் கேள்வி தவறானதல்ல. ஆனால் தங்கையின் பதில் அதைவிடப் பெரியது. இரண்டையும் சுமந்துகொண்டு இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவள் வாசித்தது அந்தோனின் த்வோர்ஷாக் என்ற செக் நாட்டு இசையமைப்பாளரின் 9-ஆம் சிம்பொனியில் வரும் மெட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமாண்டிக் காலத்தவர் அவர். மொத்தம் ஒன்பது சிம்பொனிகள் எழுதினார். அவற்றில் மூன்று, 7, 8, 9, என் வாழ்க்கையின் மூன்று காலங்களில் என்னோடு இருந்தவை. எது சிறந்தது என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். விடை மாறிக்கொண்டே வந்தது. ஏன் மாறியது என்பதுதான் தம்பிக்கு நான் சொல்லக்கூடிய பதில்.

எட்டு: நைனாவின் சிம்பொனி

என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பறை அடித்தவர். அடித்தவர் என்பதைவிட அடிக்க வைக்கப்பட்டவர் என்பது சரி. சாவு என்றாலும் திருவிழா என்றாலும் கூப்பிட்டால் போக வேண்டும். கூலி தானியம்; அதுவும் அவர்கள் அளந்து போட்டால்தான். ஒருநாள் முடியாது என்றார். பிறகு அந்த ஊரில் இருக்க முடியவில்லை. மெட்ராஸ் ஹார்பருக்கு வந்து மூட்டை தூக்கினார். சாகும்வரை அவர் பறையைத் தொடவில்லை. இன்று நாம் மேடையில் பறையை உயர்த்திப் பிடிக்கிறோம். அது நம் பெருமை. அதைக் கீழே வைத்ததும் ஒரு போராட்டம்தான் என்பதை என் வீட்டில் கற்றேன்.

நைனாவும் ஹார்பர்தான். மாலையில் ராயபுரம் பக்கம் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுவார். கல்யாணம், காதுகுத்து, சாவு, சர்ச் தேர் எல்லாவற்றுக்கும். நோட்டு வாசிக்கத் தெரியாது. சினிமாப் பாட்டை இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை ஊதிவிடுவார். மண்டப வாசலில் இரண்டு மணி நேரம் நின்று ஊதிவிட்டு, கடைசிப் பந்தி முடிந்தபின் பின்பக்கம் போய்ச் சாப்பிடுவார்கள். சின்னப் பையனாக நானும் கூடப் போய் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் பர்மா பஜாரில், “டிரம்பெட் வர்ற கேசட் எதனா கீதா?” என்று கேட்டு ஒரு கேசட் வாங்கி வந்தார். அட்டை இல்லை. யாரோ பேனாவில் ஆங்கிலத்தில் பெயரும் 8 என்ற எண்ணும் எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்த நைனா அதைத் ‘தேவராஜு’ என்று முடிவு செய்தார். எங்கள் வீட்டில் த்வோர்ஷாக் பல வருடங்கள் தேவராஜுவாகத்தான் இருந்தார்.

அந்த 8-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதி தனி டிரம்பெட்டுகளின் முழக்கத்தோடு தொடங்கும். மற்ற எல்லா வாத்தியங்களும் ஒதுங்கி நிற்க, டிரம்பெட் ஊரைக் கூப்பிடும். பிறகு செல்லோக்கள் ஒரு நடன மெட்டை ஆரம்பிக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, ஒரு கட்டத்தில் கொம்பு வாத்தியங்கள் நாகரிகமே பார்க்காமல் கரகரவென்று நடுங்கிக் கத்தும். நைனா முதல் தடவை கேட்டபோது எழுந்தே நின்றுவிட்டார். “டேய், இவன் நம்ம ஆளுடா. மண்டப வாசல்ல நின்னு ஊதனவன்தான் இப்டி எழுதுவான்.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது. த்வோர்ஷாக் 1841-இல் பிராகுக்கு வடக்கே நெலாஹோஸெவெஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கசாப்புக் கடைக்காரர். சத்திரமும் நடத்தினார், ஸிதர் என்ற தந்தி வாத்தியமும் வாசிப்பார். பையன் ஊர் பேண்டில் வாசித்து வளர்ந்தான். பிராகுக்குப் படிக்கப் போன பிறகும் ஹோட்டல்களிலும் நடன அரங்குகளிலும் வாசிக்கும் ஒரு பேண்டில் வயோலா வாசித்துத்தான் பிழைத்தார். பிறகு நாடக அரங்கின் இசைக்குழுவில் 1871 வரை ஒரு சாதாரண வயோலாக்காரர். வயோலா, இசைக்குழுவின் நடுவில் உட்கார்ந்து யார் காதுக்கும் தனியாகக் கேட்காத வாத்தியம். அங்கே உட்கார்ந்துதான் அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

8-ஆம் சிம்பொனியை 1889-இல் எழுதி, 1890 பிப்ரவரியில் பிராகில் அவரே நடத்தினார். பறவை கூப்பிடும் புல்லாங்குழல், கிராமத்துக் கல்யாண ஊர்வலம் தூரத்தில் போவது போன்ற இரண்டாம் பகுதி, கொஞ்சம் கண்ணீர் கலந்த ஒரு வால்ட்ஸ், பிறகு அந்த டிரம்பெட். மகிழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட சிம்பொனி. நமக்கு மகிழ்ச்சியும் அரசியல்தான். நம் தெருவில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து எரிச்சல்படும் ஆட்கள் இன்னும் இருக்கிற ஊர் இது.

நைனா இறந்த அன்று அவருடைய பேண்டு செட் தோழர்களே வந்து ஊதினார்கள். எனக்கு இன்றும் 8 என்றால் நைனா. அதனால் அதற்கு நான் மார்க் போடுவதில்லை.

ஒன்பது: நம் பாட்டு, யார் பெயர்?

கல்லூரிக் காலத்தில் வந்தது 9. ‘புதிய உலகிலிருந்து’ என்று பெயர். உலகத்தில் அதிகம் வாசிக்கப்படும் சிம்பொனிகளில் ஒன்று. தங்கை வாசித்த மெட்டு இதன் இரண்டாம் பகுதியில், இங்லீஷ் ஹார்ன் என்ற குழல் வாத்தியத்தில் வரும்.

கதை இதுதான். 1892-இல் த்வோர்ஷாக்கை நியூயார்க்கில் இருந்த தேசிய இசைப் பள்ளிக்கு இயக்குநராக அழைத்தார்கள். ஜெனட் தர்பர் என்ற பெண்மணி நடத்திய பள்ளி அது. சம்பளம் ஆண்டுக்கு 15,000 டாலர். அடிமைமுறை ஒழிந்து முப்பது ஆண்டுகூட ஆகாத அந்த நாட்டில், கறுப்பின மாணவர்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்ட பள்ளி. அங்கே படித்த ஒருவர் ஹாரி பர்லி. அவருடைய தாத்தா அடிமையாக இருந்து, காசு கொடுத்துத் தன் விடுதலையை வாங்கியவர். கண் பார்வை இழந்தவர். அந்தத் தாத்தாவிடமிருந்து அடிமைகளின் பாடல்களைக் கற்ற பர்லி, அவற்றை த்வோர்ஷாக்கின் வீட்டில் மாலை நேரங்களில் பாடிக் காட்டினார். கேட்டுக் கேட்டு, 1893 மே மாதம் த்வோர்ஷாக் பத்திரிகையில் ஒரு கருத்தைச் சொன்னார்: அமெரிக்காவின் வருங்கால இசை கறுப்பின மக்களின் மெட்டுகள்மீதுதான் கட்டப்பட வேண்டும். வெள்ளை அமெரிக்காவின் இசை உலகம் கொதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று கார்னெகி ஹாலில் 9-ஆம் சிம்பொனி அரங்கேறியது.

இருபது வயதில் இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனாரே, அதே நியூயார்க். அவர் பிற்பாடு 1946-இல் கடிதம் எழுதினாரே, அந்த டூபாய்ஸ், 1903-இல் வெளியிட்ட ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ நூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் இந்தத் துயரப் பாடல்களின் இசைக்குறிப்பைத்தான் வைத்தார். எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது. ஒடுக்கப்பட்டவர்களின் பாட்டு உலகத்தின் பெரிய மேடையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். பல வருடம் 9 தான் என் விடை.

பிறகுதான் சில கேள்விகள் வந்தன.

முதலாவது, த்வோர்ஷாக் யாருடைய மெட்டையும் அப்படியே எடுத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாடல்களின் சாயலில் தானே எழுதியதாகச் சொன்னார். அதில் நேர்மை உண்டு. ஆனால் கறுப்பின மக்களின் இசையும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் இசையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும் சொன்னார். நடுப் பகுதிகள் இரண்டுக்கும் தூண்டுதல் பூர்வகுடிகளைப் பற்றிய ஒரு காவியம். அதை எழுதிய லாங்ஃபெல்லோ வெள்ளைக் கவிஞர். அன்புள்ளவர்கள்கூட நம்மை வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒன்றாகத்தான் தெரிவோம்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. 1922-இல் த்வோர்ஷாக்கின் பழைய மாணவர் வில்லியம் ஃபிஷர், அந்த இங்லீஷ் ஹார்ன் மெட்டுக்கு ‘வீடு திரும்புகிறேன்’ என்ற பொருளில் வரிகள் எழுதினார். பாட்டு பரவியது. இன்று பலர் அது அடிமைகள் பாடிய பழைய பாட்டு என்றும், த்வோர்ஷாக் அதைக் கேட்டு எடுத்துக்கொண்டார் என்றும் நம்புகிறார்கள். நடந்தது தலைகீழ். உண்மையான பாடல்களை உருவாக்கியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்கள் எழுதாத ஒன்று அவர்கள் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

நம் ஹார்பரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று புரியும். இரும்புத் தாது கப்பலில் ஏறும்போது அதற்கு ஒரு விலை. அதுவே யந்திரமாகத் திரும்பி வந்து இறங்கும்போது வேறு விலை. நடுவில் யார் கையில் பட்டறை இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பெயரும் பணமும். தாதுவை இறக்கி ஏற்றிய நமக்குத் தூசும் இருமலும். கானாவுக்கு சினிமாவில் நடந்ததும் இதுதான். நம் சாவு வீட்டில் பிறந்த மெட்டு, அங்கே போய்த் திரும்பும்போது வேறொருவருடைய பெயரோடு வருகிறது.

த்வோர்ஷாக்கைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. 1894 ஜனவரியில் கறுப்பினப் பாடகர்களை நியூயார்க்கின் பெரிய மேடையில் ஏற்றி அவரே நிகழ்ச்சியை நடத்தினார். தனிப்பாடகர்களில் பர்லியும் ஒருவர். நல்ல விருந்தாளி, காது கொடுத்துக் கேட்டவர். ஆனாலும் 9 ஒரு விருந்தாளியின் சிம்பொனி. அதில் நம்மைப் போன்றவர்கள் பாடுபொருளாக இருக்கிறார்கள், பாடுபவர்களாக இல்லை.

ஏழு: ரயில் வந்த நாள்

7-ஐ நான் கவனித்துக் கேட்டது தாமதமாகத்தான். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிக் கிடந்த நாட்கள். நிவாரணப் பொருட்களோடு போய், மீனவர் வீடுகளின் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு படிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, எண்ணூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கையில் எண்ணெய் நாற்றம் போகவில்லை. யாரிடமும் பேசத் தோன்றவில்லை. காதில் ஹெட்போனை மாட்டினேன். 7 ஓடியது.

முரசு அடியில் உறுமுகிறது. அதன்மேல் வயோலாக்களும் செல்லோக்களும் தாழ்ந்த குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மெட்டைச் சொல்கின்றன. கூச்சல் இல்லை. கோபம் உள்ளே இருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு என் மனம் இருந்த இடத்தில் அந்த இசையும் இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த மெட்டு தோன்றியதே ஒரு ரயில் நிலையத்தில்தானாம். த்வோர்ஷாக்குக்கு ரயில் பைத்தியம். அவருக்குப் பத்து வயது ஆகும் முன்பே, அவர் வீட்டெதிரே பிராகிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் புறப்பட்டது 1856 ஜூலை 1. ஏறக்குறைய அதே காலம். பெரிய இசைக்கலைஞர் ஆன பிறகும் பிராக் ஸ்டேஷனுக்குப் போய் இஞ்சின்களை வேடிக்கை பார்ப்பார். 1884-இல் ஒருநாள், ஹங்கேரியின் பெஸ்ட் நகரிலிருந்து ஒரு சிறப்பு ரயில் பிராகுக்கு வந்தது. வந்தவர்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஆதிக்கத்தை எதிர்த்த தேசபக்தர்கள். பிராகில் செக் மக்கள் தங்கள் மொழிக்காக நன்கொடை திரட்டிக் கட்டிய தேசிய அரங்கில் நடந்த விழாவுக்காக வந்தார்கள். அந்த ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோதுதான் முதல் மெட்டு பிறந்தது என்று த்வோர்ஷாக் தன் கையெழுத்துப் பிரதியிலேயே குறித்து வைத்திருக்கிறார்.

இந்தச் சிம்பொனியைக் கேட்டு எழுதச் சொன்னது லண்டன் பில்ஹார்மோனிக் சங்கம். 1884 டிசம்பரில் தொடங்கி 1885 மார்ச்சில் முடித்தார். ஏப்ரல் 22 அன்று லண்டனில் அவரே நடத்தினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1882-இல், அவருடைய அம்மா இறந்திருந்தார். அதற்கும் முன்பு 1875-க்கும் 1877-க்கும் இடையில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார். இரண்டாம் பகுதியின் அமைதியைக் கேட்டால் அந்த வீட்டின் அமைதி தெரியும். மூன்றாம் பகுதி ஃபூரியண்ட் என்ற செக் நடனத்தின் தாளம். இரண்டும் மூன்றும் ஒன்றையொன்று மோதிக்கொண்டே போகும். நம் சாவு மேளத்தில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஆனாலும் நிற்காமல் ஆடுவோமே, அந்த மாதிரி. கடைசிப் பகுதி வெற்றியில் முடிகிறதா என்று எனக்கு இன்னும் உறுதியில்லை. கடைசி நொடிகளில் வெளிச்சம் வருகிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் கூடவே கேட்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். த்வோர்ஷாக்கின் பதிப்பாளர் பெர்லினைச் சேர்ந்த சிம்ராக். 1878-இல் ‘ஸ்லாவ் நடனங்கள்’ என்ற தொகுப்புக்கு அவர் கொடுத்தது 300 மார்க். அது நன்றாக விற்றது, லாபம் பதிப்பாளருக்கு. அதன் பிறகு சிம்ராக் திரும்பத் திரும்பக் கேட்டதெல்லாம் சின்னப் பாட்டுகள், சின்ன நடனங்கள். சிம்பொனி விற்காது என்பார். 7-க்கு அவர் கொடுக்க முன்வந்தது 3,000 மார்க். த்வோர்ஷாக் 6,000 கேட்டுப் பிடிவாதமாக நின்று வாங்கினார். 8-க்கு வெறும் 1,000 என்றபோது அதை லண்டன் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டார்.

இன்னொரு சண்டை பெயருக்காக. அட்டையில் ‘அந்தோன்’ என்று ஜெர்மன் வடிவத்தில்தான் அச்சிடுவேன் என்றார் சிம்ராக். என் பெயர் அந்தோனின் என்றார் இவர். கலைஞனுக்கும் ஒரு தாய்நாடு உண்டு என்று 1885-இல் கடிதம் எழுதினார். கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கி வந்து முதல் மூன்று எழுத்தையும் ஒரு புள்ளியையும் போட்டார்கள். ராயபுரத்தில் தெருவுக்கு நாலு அந்தோணி இருக்கிறார்கள். ‘அந்தோணி’ என்று பெயர் சொன்னதுமே “எந்த ஏரியா?” என்ற அடுத்த கேள்வியைச் சந்திக்கும் அவர்களுக்கு இந்தச் சண்டையின் அருமை தெரியும்.

விமர்சகர்கள் 7-ஐப் பற்றிச் சொல்வது என்ன தெரியுமா? மற்றவற்றோடு ஒப்பிட்டால் இதில் நாட்டுப்புற வாசனை குறைவு, இதுதான் அதிகம் ‘ஜெர்மன்’ பாணி என்கிறார்கள். ஆனால் இதுதான் அவர் ஸ்டேஷனில் நின்று தன் மக்களின் கோபத்தைக் கேட்டு எழுதியது. நாட்டுப்புற உடை போட்டுக்கொள்ளாமலேயே தன் மக்களைப் பற்றி எழுத முடியும் என்று காட்டியது. ஆதிக்கம் செய்கிறவர்கள் நம்மிடம் எப்போதும் நடனம்தான் கேட்பார்கள். ஆட்டம் நன்றாக இருந்தால் காசும் போடுவார்கள், கையும் தட்டுவார்கள். நம்மிடம் சிம்பொனியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் தம்பி, இன்று என் விடை ஏழு.

த்வோர்ஷாக்கை நாம் புரட்சியாளராக்க வேண்டியதில்லை. பக்தியுள்ள கத்தோலிக்கர், அமைதியான குடும்பஸ்தர். 1901-இல் அதே பேரரசின் மேலவை உறுப்பினர் பதவியையும் ஏற்றுக்கொண்டார். செக் மக்களின் நிலையும் சாதியும் ஒன்றல்ல. அவரைத் தீண்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும், உன் அளவு இவ்வளவுதான் என்று சொல்லப்பட்ட ஒருவர் அந்த அளவை ஒத்துக்கொள்ளாமல் நின்றதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டறை யார் கையில்?

பர்லிக்கு என்ன ஆனது? அவர் தாத்தாவின் பாடல்களைத் தன் பெயரில், தன் இசைக்குறிப்பில் பதிப்பித்தார். நியூயார்க்கின் ஒரு வெள்ளையர் தேவாலயத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் தனிப்பாடகராக இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் சிம்பொனியே எழுதினார்கள். 1930-இல் வில்லியம் கிராண்ட் ஸ்டில். 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி இசைக்குழு ஃப்ளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியை வாசித்தது. அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்று ஒரு கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை. த்வோர்ஷாக்கின் 9 எந்தச் சுருதியில் இருக்கிறதோ, அதே இ மைனரில் அவர் எழுதினார். மூன்றாம் பகுதிக்கு அடிமைகள் ஆடிய ஜூபா நடனத்தின் பெயரை வைத்தார். விருந்தாளி சொல்லிவிட்டுப் போனதை வீட்டுக்காரி தன் வாயால் திருப்பிச் சொன்னது போல எனக்குக் கேட்கும். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 2009-இல், பாழடைந்த ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. பட்டறை கைக்கு வந்தாலும் அலமாரி இன்னும் வரவில்லை என்பதற்கு அது சாட்சி.

நம் பக்கத்தில் இளையராஜா. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய முதல் சிம்பொனியான ‘வேலியன்ட்’-ஐ வாசித்தபோது அவருக்கு வயது 81. 1993-இலேயே அதே இசைக்குழுவோடு அவர் லண்டனில் ஒலிப்பதிவு செய்த படைப்பு இன்னும் வெளிவரவில்லை. தன்னைச் சாதி அடையாளத்தோடு அழைப்பதை அவர் விரும்புவதில்லை. அது அவர் உரிமை. அவருடைய அரசியல் பேச்சுகளோடு எனக்கு முரண்பாடு உண்டு. அது என் உரிமை. ஆனால் பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர், தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையின் இலக்கணத்தைக் கற்று, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தன் கையால் குறிப்பெழுதினார். அந்தக் காகிதத்தின் முன்னால் எண்பது தொண்ணூறு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து அவர் சொன்னபடி வாசித்தார்கள். நைனா உயிரோடு இருந்திருந்தால், “பாத்தியா தேவராஜு!” என்று கத்தியிருப்பார்.

பறை நம்முடையது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘பறை மட்டும்தான்’ நம்முடையது என்று யாராவது சொன்னால், அது எதிரியானாலும் தோழரானாலும், அங்கே ஒரு கோடு கிழிக்கப்படுகிறது. என் தாத்தா தாண்டி வந்த ஊர் எல்லைக்கும் அந்தக் கோட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணல் கொலம்பியாவில் படித்தபோது நம் ஆட்களுக்குப் பொருளாதாரம் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு சிம்பொனி சுமார் நாற்பது நிமிடம். எண்ணூரில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன் வருவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த மெட்டு திரும்ப வருகிறது, வரும்போது எப்படி மாறி வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். முதலில் 8. பிறகு 9. கடைசியில் 7. உங்கள் வரிசை வேறாக வந்தால் சண்டை போடுவோம்.

வரும் ஞாயிறு மாலை அதே மாடி அறையில் ஸ்பீக்கர் வைத்து மூன்றையும் கேட்கப் போகிறோம். தம்பி பறையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். 7-இன் மூன்றாம் பகுதிக்குத் தன்னால் அடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். தங்கையிடம் வயலினை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஜெய் பீம்.